இடமில்லை என்று சொன்ன இயந்திரம்

சென்ற மாதத்தில் ஓரிரவு, இஷாத் தொழுகை முடித்து நாம் வீடு திரும்பிய வேளையில், நமக்கு மருமகன் முறையான இளைஞர் ஒருவர் மடிக்கணினியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசற்படியில் அமர்ந்திருந்தார். முகம் வாடியிருந்தது. தேநீர் வந்தது; தொடவில்லை. "மாமா, முந்நூறு படத்த அழிக்கப் போறன். அழிக்க முந்தி உங்களுக்கிட்ட ஒரு சொல் சொல்லுவம் எண்டு வந்தன்" என்றார்.

அவை எந்தப் படங்கள் என்பதை வாசகர்கள் முதலில் அறிதல் வேண்டும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி, இதே போன்றதொரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணியளவில் நமது சாய்ந்தமருதின் கரையோரத்தைக் கடல் கொண்டது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையில் வேறெந்த மாவட்டத்திலும் அத்தனை உயிர் போகவில்லை. ஆட்கள் போனது ஒருபுறமிருக்க, வீடுகளும், வீடுகளுக்குள் இருந்த அலுமாரிகளும், அலுமாரிகளுக்குள் இருந்த கலியாணப் படங்களும் போயின. பிழைத்தோர் பலரிடம் தம் பெற்றோரின் முகத்தைக் காட்டுவதற்கு ஒரு தாள்கூட இல்லாமற் போயிற்று. நமது மருமகன் அப்போது பாடசாலைச் சிறுவர். வளர்ந்தபின், கரையோர வீதிகளிலிருந்து முன்னரே வெளியூர் போனவர்கள், கட்டாரிலும் சவூதியிலும் தொழில் செய்தவர்கள், உள்ளூரில் மேட்டுப்புறத்தில் குடியிருந்த உறவினர்கள் ஆகியோரைத் தேடித் தேடி, அவர்களிடம் எஞ்சியிருந்த படங்களைப் பிரதி எடுத்து ஓர் இணையத்தளத்திற் சேர்த்து வருகிறார். கலியாணம், குர்ஆன் ஓதி முடித்த வைபவம், கரைவலை இழுக்கும் கூட்டம், வேலியோரத்தில் நிற்கும் பிள்ளைகள் என நாலாயிரம் படங்கள் சேர்ந்துவிட்டன. ஒவ்வொன்றின் கீழும், நிற்பவர் யார், இருப்பவர் யார் என்று அவருடைய உம்மா சொல்லச் சொல்லத் தமிழில் எழுதியிருக்கிறார். இதற்கு ஒருவரும் அவருக்குச் சல்லிக்காசு கொடுப்பதில்லை.

இத்தகைய தளத்துக்குக் காப்புப் பிரதி எடுத்து வைப்பது இன்றியமையாதது. காப்புப் பிரதி என்றதும் ஏதோ பெரிய கணினி வித்தை என்று சகோதரிகள் எண்ண வேண்டாம். சீதன வீட்டின் காணி உறுதியைப் பிரதி எடுத்துத் தங்கை வீட்டில் ஒன்று கொடுத்து வைக்கிறோமே, அதுவேதான். இணையத்தளமானது எங்கோ ஒரு தேசத்தில், வாடகைக்கு எடுத்த கணினியொன்றில் குடியிருப்பது. அதிலுள்ள கோப்புகளையும், எழுத்துகள் அடங்கிய தரவுத்தளத்தையும் இரவுதோறும் ஒரு மூட்டையாகக் கட்டி வேறோரிடத்துக்கு அனுப்பும் பொருட்டு மென்பொருள் ஒன்றை மருமகன் அமர்த்தியிருந்தார். அந்த மென்பொருள்தான் ஒரு கிழமையாக மூட்டை கட்டாமல், "சாதனத்தில் இடம் மிச்சமில்லை" என்ற ஒரே வாக்கியத்தை இரவுதோறும் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது. வட்டு நிரம்பிவிட்டது, பெரிய வட்டு வாங்கக் கையிற் பணமில்லை, ஆகவே ஒன்றைப்போலொன்று இருக்கும் படங்களில் முந்நூற்றைத் தெரிந்து அழித்துவிடலாம் என்று அவர் தீர்மானித்திருந்தார். தெரிவும் முடிந்திருந்தது. ஒரு பொத்தானை அழுத்துவதுதான் மிச்சம்.

நாம் கணினி கற்றவர் அல்லேம். ஆயினும் முப்பது ஆண்டுகள் கணக்குப் புத்தகத்தோடு மாரடித்த பழக்கம் ஒன்று உண்டு: ஒருவர் "இல்லை" என்றால், பெட்டியைத் திறந்து நாமே எண்ணிப் பார்ப்பது. "இடமில்லை என்று மென்பொருள் சொல்லுகிறது, சரி. வட்டு என்ன சொல்லுகிறது? கேட்டாயா?" என்றோம். கேட்கவில்லை. அந்தக் கணினியில் டீ-எப் என்ற ஈரெழுத்துக் கட்டளை ஒன்றுண்டு. வட்டில் எவ்வளவு போயிற்று, எவ்வளவு மிச்சம் என்று அது சொல்லும். கேட்டபோது, 25 கிகாபைட்டு வட்டில் 11 தான் செலவாகியிருந்தது. பாதிக்கு மேல் வெறுமை! மருமகன் திகைத்தார். நமக்கும் வியப்பே.

இருவரும் இரவு பன்னிரண்டு மணிவரை அமர்ந்து அறிந்தது இது. நெல் ஆலையொன்றின் களஞ்சியத்தை நினைத்துக்கொள்ளுங்கள். களஞ்சியத்தில் இடம் இருக்கிறது. ஆயின் உள்ளே வரும் ஒவ்வொரு சாக்கையும் பதிவேட்டில் ஒரு வரியில் எழுதினால்தான் உள்ளே எடுப்பார்கள். பெரிய சாக்குக்கும் ஒரு வரி, சிறியதற்கும் ஒரு வரி. வெறுஞ்சாக்கு வந்தாலும் ஒரு வரி. பதிவேட்டின் வரிகள் களஞ்சியம் கட்டிய அன்றே எண்ணி அச்சிடப்பட்டவை. வரிகள் தீர்ந்துபோனால், களஞ்சியம் பாதி வெறுமையாய்க் கிடந்தாலும் வாசலில் நிற்கும் கணக்கர், "இடமில்லை, போ" என்பார். கணினி வட்டிலும் இதே ஏற்பாடு. அந்தப் பதிவேட்டு வரிக்கு ஐநோட் என்று பெயர். லினக்ஸ் கணினிகளில் இன்று பெரிதும் வழங்கும் முறையில், வேறாக ஒன்றும் சொல்லாவிடில், 16,384 பைட்டுக்கு ஒரு வரி என்ற கணக்கில் பதிவேடு அமைகிறது. 25 கிகாபைட்டு வட்டுக்கு ஏறத்தாழ 16 இலட்சம் வரிகள். அதே டீ-எப் கட்டளையோடு ஒரு சிறு கோடும் ஐ என்ற எழுத்தும் சேர்த்துக் கேட்டால், வரிகள் எத்தனை மிச்சம் என்று சொல்லும். கேட்டோம். மிச்சம் பூச்சியம்.

நாலாயிரம் படங்களுக்கு 16 இலட்சம் வரி எப்படிச் செலவாயிற்று? தளத்துக்கு வருவோர் ஒவ்வொருவருக்கும் அந்தக் கணினி ஒரு துண்டுச் சீட்டு எழுதி வைக்கிறது. மனிதர் மட்டுமா வருகிறார்கள்? தேடுபொறிகள் அனுப்பும் எந்திரங்கள் இரவு பகலாக வந்து போகின்றன, அவற்றுக்கும் சீட்டு. பழைய சீட்டுகளைப் பெருக்கித் தள்ள ஒரு வேலையாள் நிரல் இருந்தது. சென்ற ஆண்டு மருமகன் ஏதோ திருத்தம் செய்தபோது சீட்டுகள் விழும் இடம் மாறிவிட்டது. வேலையாளோ பழைய மூலையையே நாள்தோறும் பெருக்கிக்கொண்டிருந்தான். புதிய மூலையில் சீட்டுகள் குவிந்தன. அவற்றிற் பெரும்பாலானவை எழுத்தொன்றும் இல்லாத வெற்றுச் சீட்டுகள். ஆகவே வட்டில் இடம் பிடிக்கவில்லை; வரியை மட்டும் தின்றன. முந்நூறு படங்களை அழித்திருந்தால் முந்நூறு வரிகளும், அவற்றின் சிறுபிரதிகளுக்குரிய சில நூறு வரிகளும் கிடைத்திருக்கும். அடுத்த நாள் பொழுது சாய்வதற்குள் எந்திர விருந்தினர் அதையும் தின்று தீர்த்திருப்பார்கள். படங்கள் போனது போனதுதான். செய்தியோ மறுபடியும் "இடமில்லை" என்றே வந்திருக்கும். மருமகன் இன்னும் முந்நூறு படங்களைத் தெரிவு செய்யத் தொடங்கியிருப்பார் என்று நினைக்கையில் நமக்கு இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

இரண்டு நாளுக்கு மேற்பட்ட சீட்டுகளை மட்டும் அகற்றினோம். அகற்றுமுன் அவை சீட்டுகள்தாமா என்று பத்திருபதைத் திறந்தும் பார்த்தோம். அன்றிரவே மூட்டை கட்டப்பட்டது.

நிற்க. இயந்திரம் பொய் சொல்லிற்றா? சொல்லவில்லை. 1970களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் யூனிக்ஸ் என்னும் முறைமையை அமைத்த காலத்தில், நினைவகம் அருமையாயிருந்தது. கெடுதல்களுக்கெல்லாம் விளக்கவுரை எழுதி வைக்க வசதியில்லை. ஆகவே ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். இடமின்மைக்கு எண் 28. களஞ்சியம் நிறைந்தாலும் 28. பதிவேடு நிறைந்தாலும் 28. காப்பு மென்பொருளானது மூட்டை கட்டும் நிரலை ஏவுகிறது. அது முறைமையைக் கேட்கிறது. முறைமை 28 என்கிறது. அந்த 28ஐ மென்பொருள் வாக்கியமாக மாற்றி நம்மிடம் ஒப்புவிக்கிறது. நான்கு வாய் கடந்து வந்த சேதி அது. மரண வீட்டுச் சேதி பள்ளிவாசற் சந்தியிலிருந்து மேற்கே வயற்கரை சேர்வதற்குள் மௌத்தானவரின் பெயரே மாறிவிடுவதை நாம் கண்டதில்லையா?

இந்த எண் விவகாரத்தில் வேடிக்கையொன்றும் உண்டு. பழைய யூனிக்ஸ் கணினிகளில் அஞ்சல் அனுப்பியோருக்குச் சில வேளைகளில் அஞ்சல் திரும்பிவரும். காரணம் என்று "தட்டச்சுப் பொறி அல்ல" என்று எழுதியிருக்கும். அஞ்சலுக்கும் தட்டச்சுப் பொறிக்கும் என்ன சம்பந்தம் என்று அனுப்பியவர் மண்டையை உடைத்துக்கொள்வார். சம்பந்தம் ஒன்றுமில்லை. அக்காலக் கணினிகளோடு மனிதர் உரையாடியது தட்டச்சுப் பொறி போன்ற சாதனங்களின் வழியாக. ஒரு நிரல் எதையேனும் எழுதத் தொடங்குமுன், எதிரே இருப்பது அத்தகைய பொறிதானா என்று கேட்டுக்கொள்ளும். அல்ல என்றால் 25 என்ற எண் ஒரு பலகையில் எழுதப்படும். அதனால் தீங்கில்லை, வேலை தொடரும். பின்னர் முற்றிலும் வேறொரு காரணத்தால் வேலை கெட்டுப்போனால், பதறிய நிரல் பலகையைப் பார்க்கும். அங்கே அழிக்கப்படாமல் கிடப்பது பழைய 25. அதையே காரணமாக வாசித்துவிடும். பெறுநரின் முகவரி பிழையாயிருந்ததோ, வேறென்னவோ, உண்மைக் காரணம் பலகைக்கு வரவேயில்லை. பிற்காலத்தில் அந்த வாசகத்தை மாற்றினார்கள். "இச்சாதனத்துக்குப் பொருந்தாத கட்டுப்பாட்டு அழைப்பு" என்ற கருத்தில் இப்போது வருகிறது. முன்னையதே மேல் என்பது நமது எண்ணம். அதில் சிரிப்பதற்காவது இடமிருந்தது.

மருமகனின் கதையை இப்பகுதியில் எழுதப்போகிறோம் என்று சொன்னதும், அவர் தமது நண்பர்களிடம் கேட்டு வேறு சில அநுபவங்களையும் கொண்டுவந்து தந்தார். எல்லாவற்றையும் எழுதினால் பத்திராதிபர் கத்தரிக்கோலை எடுத்துவிடுவார். இரண்டொன்று மட்டும் சொல்லுவாம்.

வியாபாரத் தளம் வைத்திருக்கும் ஒருவருக்கு, காப்பு எடுக்கையில் பாதி வழியில் "மைஎஸ்கியூஎல் சேர்வர் போய்விட்டது" என்று வந்ததாம். தரவுத்தளத்தை நடத்தும் நிரலின் பெயர் மைஎஸ்கியூஎல். போய்விட்டது என்றால் செத்துவிட்டது என்றுதானே பொருள் கொள்வோம்? அவர் வாடகைக் கணினிக்காரரோடு மூன்று நாள் சண்டையிட்டிருக்கிறார். கணினிக்காரரோ, "எங்கள் சேர்வர் ஒரு விநாடிகூட நிற்கவில்லை" என்று சாதித்திருக்கிறார். இருவர் சொன்னதும் ஒருவகையில் மெய். அந்த நிரல் ஒரே தடவையில் வாங்கக்கூடிய பொதிக்கு ஓர் அளவு விதித்திருக்கிறது, 5.7ஆம் பதிப்பில், மாற்றாவிடில், 4 மெகாபைட்டு. அதற்கு மேற்பட்ட பொதியை நீட்டினால் அது பதில் கூறாமல் கதவைச் சாத்திவிடும். கதவு சாத்தப்பட்டதைக் கண்ட மென்பொருள், வீட்டில் ஆளில்லை என்று திரும்பி வந்து சொல்லுகிறது! அன்றி, மென்பொருள் படங்களை மூட்டை கட்டுவதில் நெடுநேரம் மூழ்கி, தரவுத்தளத்தோடு பேசாமல் இருந்துவிட்டாலும், காத்திருந்து சலித்த சேர்வர் இணைப்பைத் துண்டித்துவிடும். அப்போதும் அதே வாசகம். முதற் காரணத்துக்குப் பொதியின் அளவைக் கூட்ட வேண்டும். இரண்டாவதற்குத் தவணையைக் கூட்ட வேண்டும். சேர்வரை மாற்றுவது இரண்டுக்கும் மருந்தன்று.

மற்றொருவருக்கு நேர்ந்தது 2021 செப்டம்பர் 30ஆம் தேதிக்குப் பின். காப்பு மூட்டையை ஏற்றும் இடத்தோடு தொடர்புகொள்ளும்போது, "சான்றிதழ் காலாவதியாகிவிட்டது" என்று வந்தது. அவர் தமது சான்றிதழைப் புதுப்பித்தார். மறுபடியும் புதுப்பித்தார். செய்தி மாறவில்லை. காலாவதியானது அவருடையதும் அன்று, எதிரே இருந்த தளத்தினுடையதும் அன்று. லெற்ஸ் என்கிறிப்ற் என்ற நிறுவனம் உலகெங்கும் இலவசமாக வழங்கிய சான்றிதழ்களுக்குப் பின்னின்று சாட்சி சொன்ன பழைய மூலச் சான்றிதழ் ஒன்று அன்று காலாவதியாயிற்று. புதிய மூலத்தை அறிந்த கணினிகள் கவலையின்றித் தொடர்ந்தன. பழைய மென்பொருளோடு இருந்த கணினிகளே, இறந்த சாட்சியை அழைத்துக்கொண்டு நின்றன. அவர் மாற்ற வேண்டியிருந்தது தமது கணினியின் பழைய மென்பொருளை.

2022ஆம் ஆண்டு மே மாத இறுதியிலிருந்து, ஜிமெயில் கணக்குகளுக்குள் வேறு மென்பொருள்கள் வெறும் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழைவதைக் கூகுள் நிறுத்தியது. காப்பு முடிந்தது என்றோ முடியவில்லை என்றோ இரவுதோறும் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்த எத்தனையோ மென்பொருள்கள் அன்றோடு ஊமையாயின. பதிவுக் குறிப்பிற் காணப்பட்டது, "பெயரும் கடவுச்சொல்லும் ஏற்கப்படவில்லை" என்பது. கடவுச்சொல் சரியாகவே இருந்தது. அந்த வாசல்தான் அடைக்கப்பட்டிருந்தது. செயலிக்கென்று தனியாக ஒரு கடவுச்சொல் பெற்றுக் கொடுத்தோர் தப்பினர். சொல்லைத் தாமே மறந்துவிட்டோம் என்று எண்ணி மாற்றி மாற்றிப் போட்டவர்கள், ஈற்றில் உண்மையிலேயே மறந்தனர்.

மின்னஞ்சல் ஊமையாவது அற்ப காரியம் என்று எண்ணுவோருக்காக 2017ஆம் ஆண்டு நடந்ததொன்றைக் கூறுதல் வேண்டும். கிட்லாப் என்பது உலகெங்குமுள்ள நிரலாளர்கள் தம் வேலைகளைச் சேமித்து வைக்கும் பெருந்தளம். அவ்வாண்டு ஜனவரி 31ஆம் தேதி இரவு, களைத்திருந்த ஊழியர் ஒருவர் துணைக் கணினியில் அழிக்க வேண்டியதைத் தவறுதலாகப் பிரதான கணினியில் அழித்தார். ஓரிரு விநாடியில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் ஏறத்தாழ 300 கிகாபைட்டில் எஞ்சியது நாலரை. பதறவேண்டியதில்லை, நாள்தோறும் காப்புப் பிரதி எடுக்கிறோமே என்று அதை வைத்திருந்த இடத்தைத் திறந்தார்கள். பெட்டி வெறுமை. தரவுத்தளம் 9.6ஆம் பதிப்பு, காப்பு எடுக்கும் கருவியோ 9.2ஆம் பதிப்பாக இயங்கியிருக்கிறது. பதிப்பு ஒவ்வாமையால் கருவி வேலை தொடங்கிய உடனேயே பிழை கூறி நின்றுவிட்டது. அந்தப் பிழையை மின்னஞ்சலிற் சொல்லவும் செய்தது. ஆனால் அந்த மின்னஞ்சலில் முறையான ஒப்பம் இல்லையென்று அஞ்சற் கணினி அதை வாசலிலேயே திருப்பியனுப்பிவிட்டது. ஒருவர் கண்ணிலும் படவில்லை. செய்தி வராததை எல்லோரும் "எல்லாம் நலம்" என்று வாசித்துக்கொண்டிருந்தனர்! வேறொரு வேலைக்காக அதே ஊழியர் ஆறு மணி நேரத்துக்கு முன்னர் தற்செயலாக எடுத்துவைத்த பிரதியொன்றினால்தான் தளம் பிழைத்தது. அந்த ஆறு மணி நேரத்தில் நடந்தவை, ஏறத்தாழ 5,000 வேலைத்திட்டங்களும் 700 புதிய கணக்குகளும் உட்பட, போயின. அந்நிறுவனத்தார் நடந்ததை ஒளிக்காமல் எழுதி வெளியிட்டமையினாலேயே நாம் இதை அறிகிறோம். அந்த நேர்மையை மெச்சுகிறோம். நம் நாட்டிலும், 2023 ஆகஸ்டில் அரசாங்கத்தின் கணினி மேகத்தைக் கப்பம் கேட்கும் தீநிரல் ஒன்று தாக்கியபோது, அரச மின்னஞ்சல்களில் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையானவை மீட்க முடியாமற் போயின. காப்புப் பிரதி ஒன்று இருந்ததாம். அதுவும் தாக்குண்ட இடத்தோடு தொடுக்கப்பட்டிருந்தமையால் கூடவே மாண்டது. உறுதியும் பிரதியும் ஒரே அலுமாரியில்!

இதையெல்லாம் பேசிய அன்றுதான் மருமகனிடம், "மூட்டை கட்டியாயிற்று என்கிறாய். ஒரு தடவையாவது அவிழ்த்துப் பார்த்தாயா?" என்று கேட்டோம். "அது 'வெற்றிகரமாக முடிந்தது' எண்டுதானே மாமா சொல்லுது" என்றார். இடமில்லை என்று அது சொன்னதையும் இவ்வாறேதான் நம்பியிருந்தார் என்பதை நினைவூட்டினோம். அவர் சற்றுச் சினந்தார், இளைஞர்தாமே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நமது வீட்டு மண்டபத்தில், பழைய கணினி ஒன்றைத் துடைத்து வைத்து, அதில் அந்த மூட்டையை அவிழ்த்தோம். அவருடைய உம்மாவும் வந்திருந்தார். முதலிற் படங்கள் வந்தன. கரைவலைக்காரர் வந்தனர். கடலோரத்து ஓட்டு வீடுகள் வந்தன. நாலாயிரமும் சரியாக இருந்தன. மருமகனின் முகம் மலர்ந்தது. உம்மா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையருகே குனிந்தார். "பேரெல்லாம் எங்க மகன்?" என்றார்.

ஒவ்வொரு படத்தின் கீழும் கேள்விக்குறிகள் வரிசையாக நின்றன. முதலாமவரின் பெயரிருந்த இடத்தில் ஏழு கேள்விக்குறி, அடுத்தவருக்கு ஒன்பது. நாலாயிரம் படத்திலும் ஒரு தமிழெழுத்துக்கூட இல்லை. மென்பொருளின் குறிப்பேட்டைப் புரட்டினோம். தொடக்கம் முதல் ஈறு வரை ஒரு பிழையும் பதிவாகவில்லை. "வெற்றிகரமாக முடிந்தது" என்ற பச்சை எழுத்து மட்டும் பளிச்சென்றிருந்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்க மாலைவரை ஆயிற்று. மைஎஸ்கியூஎல் நிரலானது 2018இல் வெளிவந்த 8.0ஆம் பதிப்புக்கு முன்னர், எழுத்துமுறை இன்னதென்று சொல்லாவிட்டால், மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கென அமைந்த லத்தீன்-1 என்பதையே வழக்கமாகக் கொண்டிருந்தது. மருமகனின் தளத்திலிருந்தது பழைய பதிப்பு. தரவுத்தளத்தினுள்ளே தமிழ் செம்மையாகவே இருந்தது. தளத்தில் வாசிப்போருக்கும் தமிழாகவே தெரிந்தது. காப்பு மென்பொருள் மட்டும், கதவைத் தட்டியபோது தனக்கு எந்த எழுத்துமுறை வேண்டுமென்று சொல்லவில்லை. ஆகவே தரவுத்தளம் ஒவ்வொரு தமிழ்க் குறியையும் லத்தீன்-1க்கு மாற்றிக் கொடுக்க முயன்றது. அங்கே தமிழுக்கு இடமேது? மாற்ற முடியாத ஒவ்வொரு குறிக்கும் பதிலாக ஒரு கேள்விக்குறியை வைத்தது. தன் விதிப்படி அது பிழையன்று. ஆதலால் செய்தியும் இல்லை. மூட்டையின் பருமனிலும் ஐயம் எழவில்லை. படங்கள் கிகாபைட்டுக் கணக்கில் நிற்க, பெயர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு மெகாபைட்டுக்கு மேல் வரா. ஆனையின் முதுகில் ஈ இருந்ததா பறந்ததா என்று நிறுத்துப் பார்ப்பவர் யார்?

இன்னொரு வகைக் கெடுதலும் உண்டு. தமிழ் எழுத்துகள், மேற்கோடு கீழ்க்கோடு இட்ட ஐரோப்பிய எழுத்துக் குவியலாய் மாறித் தோன்றுவது. அதுவாயின் அஞ்சவேண்டியதில்லை; உள்ளே மூல எழுத்துகள் சிதையாமல் இருப்பதே பெரும்பான்மை, திருப்பி மாற்றிக்கொள்ளலாம். கேள்விக்குறியாய்ப் போனதோ போனதுதான். எந்த எழுத்திருந்த இடம் என்பதற்கு அதில் ஒரு சுவடும் கிடையாது. வாடகைக் கணினி அன்றைக்கு எரிந்து போயிருந்தால், மருமகன் இரண்டாண்டாகச் சேர்த்து வைத்திருந்த மூட்டைகள் அனைத்தும் பெயரில்லாத முகங்களையே தந்திருக்கும்.

தளம் உயிரோடு இருந்தது நமது நற்பாக்கியம். மென்பொருளின் அமைப்பில் எழுத்துமுறை என்ற இடத்தில் யூரிஎப்-8 முறையைத் தெரிந்து கொடுத்து, புதிதாக மூட்டை கட்டச் சொன்னார் மருமகன். இரவு பத்து மணிக்கு அது முடிந்தது. பச்சை எழுத்து பழையபடியே வந்தது. இம்முறை அதை ஒருவரும் வாசிக்கவில்லை. மூட்டையை மறுபடியும் பழைய கணினியில் அவிழ்த்தோம். மாதமொருமுறை இவ்வாறு அவிழ்ப்பதென்றும், ஒரு பிரதியை நமது மேசை அறையிலும் இன்னொன்றைக் கண்டியிலுள்ள உறவினர் வீட்டிலும் வைப்பதென்றும் அதற்குள் பேசி முடித்திருந்தோம்.

படங்கள் வந்தன, அவற்றின் கீழே பெயர்களும் வந்தன. உம்மா கதிரையைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக வாசிக்கலானார். கலியாணப் படமொன்றில் நிறுத்தி, மூன்றாவதாக நிற்கும் பெண்ணைச் சுட்டிக்காட்டினார். "இது மூத்தவ இல்ல மகன், ரெண்டாவது. மூத்தவ இந்தக் கலியாணத்துக்கு வரல்ல. அண்டைக்கே சொன்னன், நீ மாத்தி எழுதியிருக்காய்" என்றார். மருமகன் மடிக்கணினியைத் தம் பக்கம் திருப்பி, அந்தப் பெயரை அழித்துச் சரியான பெயரை எழுதத் தொடங்கினார்.